நெஞ்சறைக்குள் புகுந்த காற்று

(சிம்பாங் அம்பாட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



 சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், ஒப்பந்தம், குடியிருப்பு ஆகியவை பற்றித்தான் நாம் பேசுவது வழக்கம். அவையெல்லாம் முக்கியமே. ஆனால் அந்தச் சம்பளத்தை வாங்க முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? முதலாளிக்கு நிலம் மூலதனம், மரம் மூலதனம். தொழிலாளிக்கோ உடல் ஒன்றே மூலதனம். ஆகவே இன்று உடலைப் பற்றி, அதிலும் நம் நெஞ்சுக்குள் இருக்கும் நுரையீரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள், நுரையீரல் திடீரென்று தானாகவே சுருங்கிவிடும் வியாதி. டாக்டர்கள் இதை ‘நியூமோதோராக்ஸ்’ என்பார்கள். நெஞ்சறைக்குள் காற்று புகுந்துவிட்டது என்பதே அதன் பொருள். பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை. வியாதி நம் வீட்டுக்குள் நுழைந்தால் அடையாளம் கண்டுகொள்ளத் தெரிய வேண்டும். அதுவே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், இது எப்படி வருகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். கற்பனை உதாரணந்தான், ஆனால் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த வியாதி பெரும்பாலும் வருகிறது. 22 வயது வாலிபன் ஒருவன். நெடுநெடுவென்று வளர்ந்தவன், ஒல்லியான உடல்வாகு. சிகரெட் பழக்கம் உண்டு. ஒருநாளும் சீக்கு என்று படுத்தவன் அல்லன். விடியற்காலையில் எழுந்து, பிரட்டுக்குப் போகுமுன் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டென்று வலது நெஞ்சில் கத்தியால் குத்தியதுபோல ஒரு வலி. மூச்சை இழுத்தால் வலி கூடுகிறது. தோள்பட்டை வரைக்கும் ஓடுகிறது. மூச்சும் கொஞ்சம் வாங்குகிறது.

வீட்டில் என்ன சொல்லுவார்கள்? “வாயுப் பிடிப்பு; இஞ்சித் தண்ணி குடி” என்பார் பாட்டி. “நேத்து காண்டா தூக்கினதுல தசை பிடிச்சுக்கிட்டது” என்பார் அப்பா. தைலம் தேய்ப்பார்கள், சுளுக்கு என்று எண்ணி உருவியும் விடுவார்கள். இப்படிச் செய்வதெல்லாம் அன்பினால்தான். அதில் குற்றம் காண்பதற்கில்லை. மறுநாள் காலை பையனுக்கு வலி பாதியாகக் குறைந்துவிடுகிறது. “பார்த்தாயா, தைலத்தில் போய்விட்டது” என்று எல்லாரும் நிம்மதியடைகிறார்கள். அவனும் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறான்.

தோழர்களே, ஏமாற்றம் இங்கேதான் இருக்கிறது! இந்த வியாதியில் வலி ஒரு நாளைக்குள் தானாகவே தணிந்துவிடுவது உண்டு. வலி தணிந்ததே தவிர, சுருங்கிய நுரையீரல் விரியவில்லை. நெஞ்சறைக்குள் புகுந்த காற்று அப்படியே இருக்கிறது. தைலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலி போனதை வைத்து வியாதி போனது என்று கணக்கிடக் கூடாது என்பதை முதற்பாடமாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நுரையீரல் ஏன் சுருங்க வேண்டும்? நமக்கு இதை விளங்கிக்கொள்வது மற்றவர்களைவிட எளிது. நாம் ரப்பரோடு பழகியவர்கள். ரப்பரை இழுத்துப் பிடித்தால் நீளும். கையை விட்டால் பழையபடி சுருங்கும். நுரையீரலின் குணமும் அதுவே. அது எந்நேரமும் சுருங்கத் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு பை. அப்படியானால் அது ஏன் சுருங்காமல் விரிந்தே இருக்கிறது? நெஞ்சுக்கூட்டின் சுவரோடு அது ஒட்டிக்கொண்டிருப்பதால்தான்.

எப்படி ஒட்டியிருக்கிறது? நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. நெஞ்சுச் சுவரின் உட்புறத்தில் இன்னொரு சவ்வு. இரண்டுக்கும் நடுவே சிறிதளவு நீர்க்கசிவு. இரண்டு கண்ணாடித் தகடுகளை நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வழுக்கி நகரும், ஆனால் பிரித்தெடுக்க முடியாது. அதைப் போலவே நெஞ்சு விரியும்போது நுரையீரலும் கூடவே விரிகிறது. காற்று மூக்கு வழியாக உள்ளே வருகிறது. அந்த இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டால், ஒட்டு விட்டுப்போகிறது. கையை விட்ட ரப்பர்போல நுரையீரல் சுருங்கிக்கொள்கிறது. வியாதி முழுவதும் இவ்வளவுதான்.

காற்று எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நுரையீரலுக்குள்ளிருந்தே வருகிறது. நுரையீரலின் உச்சியில் சிலருக்குச் சிறு சிறு கொப்புளங்கள் இருக்கும். அவை இருப்பதே ஆளுக்குத் தெரியாது. அதில் ஒன்று ஒரு நாள் பொத்துக்கொள்ளும். மூச்சுக்காற்று அந்தப் பொத்தல் வழியாகக் கசிந்து சவ்வுகளின் நடுவே போய்விடும். சைக்கிள் டியூபில் பொத்தல் விழுந்தால் காற்று வெளியே போகிறது. இங்கே காற்று வெளியே போக வழியில்லாமல் நெஞ்சறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

பாரம் தூக்கினதால்தான் வந்தது என்று பலரும் நினைப்பார்கள். அது பெரும்பாலும் சரியல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ, படுத்திருக்கும்போதோ வருவதுதான் அதிகம். அதனால்தான் ‘தானாக வருவது’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மரக்கிளை முறிந்து நெஞ்சில் விழுந்தாலும், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்தாலும், எலும்பு முனை குத்திக் காற்று புகலாம். அது தானாக வந்தது ஆகாது, அடிபட்டதால் வந்தது. இந்த வேறுபாடு நம் உரிமைகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாதியின் சரித்திரத்தையும் சற்றுப் பார்ப்போம். 1803-ஆம் ஆண்டில் இட்டார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்கு நியூமோதோராக்ஸ் என்று பெயரிட்டார். 1819-இல் லேனெக் என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் இதன் அடையாளங்களைத் தெளிவாக எழுதி வைத்தார். இன்று டாக்டர்கள் நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயை முதலில் செய்தவரும் அவரே. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, இந்த வியாதி வந்தவனுக்கு நிச்சயம் காசநோய் இருக்கிறது என்றே உலகம் எண்ணிக்கொண்டிருந்தது. 1932-இல் கியேர்கார்ட் என்ற டென்மார்க் மருத்துவர், எந்த நோயும் இல்லாத திடமான வாலிபர்களுக்கும் இது வருகிறது என்று எடுத்துக்காட்டினார்.

நிற்க. இந்த வியாதியை ஒரு காலத்தில் டாக்டர்களே வேண்டுமென்று உண்டாக்கினார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மைதான். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. புண்பட்ட கைக்கு ஓய்வு கொடுப்பதுபோல், புண்பட்ட நுரையீரலுக்கும் ஓய்வு கொடுத்தால் ஆறும் என்று 1882-இல் இத்தாலி தேசத்துப் போர்லானினி என்பவர் கருத்து வெளியிட்டார். நெஞ்சில் ஊசியைச் செலுத்தி, சவ்வுகளின் நடுவே அளவோடு காற்றை ஏற்றி, நோயுள்ள நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள். இந்தச் சிகிச்சை உலகெங்கும் பரவியது.

நம்மவர் பூமிக்கும் அது வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் 1915-இல் காசநோய் சானடோரியம் திறக்கப்பட்டது. அங்கே பிரிமொட் மோலர் என்ற டென்மார்க் மருத்துவர் பல்லாண்டு தலைமை வகித்தார். தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சவுரிமுத்து சானடோரியம் ஒன்றைத் தொடங்கினார். 1937-இல் அதைச் சென்னை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஓய்வு, நல்ல காற்று, நல்ல உணவு, அத்துடன் நெஞ்சில் காற்று ஏற்றுதல் ஆகியவைதான் அக்காலத்துச் சானடோரியச் சிகிச்சை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை காற்று ஏற்றியதோடு வேலை முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி மறுபடி ஏற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஏற்ற வேண்டும். ஏன்? ஏற்றிய காற்றை உடம்பே சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கிறது; நுரையீரல் மீண்டும் விரிந்துவிடுகிறது. டாக்டர்களுக்கு அன்று தொல்லையாக இருந்த இந்தக் குணந்தான், தானாகச் சுருங்கிய நுரையீரலுக்கு இன்று பெரிய உதவியாக இருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுவோம்.

காற்று ஏற்றும் சிகிச்சை எப்படி ஒழிந்தது? 1943-இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-இல் ஐசோநயசிட் வந்தது. பிறகு 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கி ஒரு பெரும் சோதனை நடத்தினார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பகுதியினரை நெரிசலான அவர்கள் குடிசைகளிலேயே வைத்து மருந்து மட்டும் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்ட ஏழைக்கு, வீட்டிலேயே ஏறக்குறைய அதே அளவு குணம் கிடைத்தது! உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியமைத்தது சென்னைச் சேரிமக்களின் ஒத்துழைப்பு. தொழிலாளி இதை எண்ணிப் பெருமைப்படலாம். நம் நாட்டிலும் 1961-இல் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

இனி நம் வியாதிக்குத் திரும்புவோம். யாருக்கு வருகிறது? இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, வேறு நுரையீரல் நோய் இல்லாதவர்களுக்கு வருவது. பெரும்பாலும் உயரமான, மெலிந்த, இளவயது ஆண்களுக்கு வரும். பெண்களுக்கும் வருவது உண்டு. சில பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களையொட்டி வரும். தாய்மார்கள் அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

இரண்டாம் வகை, ஏற்கெனவே நுரையீரல் கெட்டவர்களுக்கு வருவது. காசநோய் கண்டவர்கள், பல்லாண்டு புகைபிடித்து நுரையீரல் நைந்து போனவர்கள், கடுமையான மூச்சுநோய் உள்ளவர்கள் ஆகியோர் இவ்வகையினர். இவர்களுக்குச் சிறிதளவு காற்று புகுந்தாலும் ஆபத்து அதிகம். வாலிபனுக்கு ஒரு நுரையீரல் சுருங்கினாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். முதியவருக்குத் தாங்குவதற்கு அந்த மற்றொன்றும் நன்றாக இல்லையே! ஆகவே இவர்களை ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மலேசியாவில் இன்றும் ஆண்டுதோறும் 20,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

புகைபிடிப்பதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லுவோம், கிராணிமார்கள் குறித்துக்கொள்ளலாம். புகைபிடிக்காத ஆண்கள் 1000 பேரில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் இந்த வியாதி வருகிறது. புகைபிடிக்கும் ஆண்களில் 100 பேருக்கு 12 பேருக்கு வருகிறது என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு! கொசுக்கடிக்குப் புகை, குளிருக்குப் புகை, காட்டில் தனிமைக்குப் புகை என்று நாம் காரணம் சொல்லுகிறோம். நுரையீரலிடம் அந்தச் சமாதானம் செல்லாது. மின்சாரச் சிகரெட்டும் புகைதானே இல்லை என்று வாலிபர்கள் வாதிடுகிறார்கள். நுரையீரல் மூச்சுக்காற்றுக்காக ஏற்பட்டது. அதற்குள் வேறெதையும் இழுத்து விடாதீர்கள்.

அடுத்து, ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? முதலில் டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பார். குழாய் வைத்துக் கேட்பார். காற்று புகுந்த பக்கத்தில் தட்டினால் காலி டின்னைத் தட்டியதுபோல் ஓசை எழும். மூச்சுச் சத்தம் குறைவாகக் கேட்கும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் சுருங்கிய நுரையீரலின் ஓரம் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். நெஞ்சுவலி என்றால் மாரடைப்பாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகையால் இருதய மின்பதிவும் எடுப்பார்கள். இவை இல்லாமல் கையைப் பிடித்துப் பார்த்து வலி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், “ஐயா, மூச்சிழுத்தால் குத்துகிறது, ஒரு பக்கம் மட்டுந்தான் வலி, எக்ஸ்ரே எடுக்கலாமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

சிகிச்சை நான்கு படியாக அமையும்.

முதற்படி, பார்த்திருத்தல். புகுந்த காற்றை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும் என்று சொன்னோம் அல்லவா? ஒரு நாளைக்கு அந்தப் பக்கத்து நெஞ்சறையில் ஏறத்தாழ 100-இல் 1 முதல் 2 பங்குக் காற்று உறிஞ்சப்படும். கால் பங்கு சுருங்கியிருந்தால் இரண்டு வாரமோ, மூன்று வாரத்துக்குச் சற்று மேலோ ஆகலாம். ஆக்சிஜன் கொடுத்தால் இன்னும் வேகமாக உறிஞ்சப்படும். முன்பெல்லாம் காற்று அதிகமாக இருந்தால் உடனே குழாய் போட்டுவிடுவார்கள். 2020-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 நோயாளிகளை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. நுரையீரல் கணிசமாகச் சுருங்கியும் நிலைமை சீராக இருந்தவர்கள் அவர்கள். ஒரு பகுதியினருக்குக் குழாய் போட்டார்கள். மறு பகுதியினரைக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். கண்காணிப்பில் இருந்தவர்களில் 100-க்கு 15 பேருக்குத்தான் பிறகு குழாய்ச் சிகிச்சை தேவைப்பட்டது. 8 வாரத்தில் இரண்டு பகுதியினரிலும் 100-க்கு 90 பேருக்கு மேல் நுரையீரல் விரிந்துவிட்டது. ஆகவே டாக்டர், “குழாய் வேண்டாம், வீட்டில் இரு, வந்து காட்டு” என்று சொன்னால், ஏழை என்பதால் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டாம். அதுவும் ஆராய்ந்து கண்ட சிகிச்சைதான். ஆனால் ஒன்று: டாக்டர் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, கண்காணிப்பில் வைப்பது வேறு, நாமே வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி, ஊசியால் காற்றை இழுத்தல். மரத்துப்போக மருந்து போட்டு, விலா எலும்புகளின் நடுவே ஊசியையோ மெல்லிய குழாயையோ செலுத்திக் காற்றை இழுத்துவிடுவார்கள். பலருக்கு இதுவே போதும்.

மூன்றாம் படி, குழாய் போட்டு நீர்ப்புட்டியில் இணைத்தல். இதைக் கண்டுதான் நம் தாய்மார்கள் பயந்து அழுகிறார்கள். இதன் தத்துவம் எளிது. 1875-இல் பூலாவ் என்ற ஜெர்மன் மருத்துவர் நெஞ்சில் சீழ் கட்டியவர்களுக்காக ஏற்படுத்திய முறை இது. நெஞ்சிலிருந்து வரும் குழாயின் நுனி புட்டியில் உள்ள தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். நெஞ்சறைக் காற்று குமிழி குமிழியாக வெளியே வரும். ஆனால் வெளிக்காற்று தண்ணீரைத் தாண்டி உள்ளே போக முடியாது. குமிழி வந்தால் பயப்படாதீர்கள். காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். புட்டியை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கக் கூடாது. தூக்கினால் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும். குழாயை மடக்கி உட்காரவோ, நர்சைக் கேட்காமல் கட்டவோ கூடாது. குழாய் கழன்றுவிட்டால் உடனே நர்சைக் கூப்பிட வேண்டும்.

இதில் ரப்பருக்கும் ஒரு பங்கு உண்டு. 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் ஒரு சிறு வால்வு செய்தார். அதன் உள்ளே இருப்பது மெல்லிய ரப்பர் நாக்கு. காற்று வெளியே வரும்போது அது திறக்கும். உள்ளே போக முயன்றால் ஒட்டி மூடிக்கொள்ளும். புட்டியைச் சுமக்காமல் நோயாளி நடமாடலாம். விடியற்காலையில் நாம் வெட்டும் பால், எங்கோ ஒரு நோயாளியின் மூச்சைக் காக்கும் பொருளாகவும் மாறுகிறது என்பதை எண்ணும்போது, நம் தொழிலின் மேன்மை விளங்கவில்லையா?

நான்காம் படி, அறுவைச் சிகிச்சை. காற்றுக் கசிவு நிற்காவிட்டாலும், வியாதி மறுபடி வந்தாலும், கொப்புளங்களை வெட்டியெடுத்து, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும்படி செய்வார்கள். இன்று பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகக் காமிராக் குழாயை விட்டுச் செய்கிறார்கள். முதல்முறை வந்தவர்களில் மூன்று பேரில் ஒருவருக்கு மறுபடி வருகிறது. அதுவும் முதலாண்டிலேயே அதிகம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்படி வருவது மிகக் குறைவு.

இனி ஆபத்தான நிலையைச் சொல்லுகிறோம்; காதைக் கொடுத்துக் கேளுங்கள். சில சமயம் பொத்தல் ஒருவழிக் கதவுபோல ஆகிவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று உள்ளே புகும், வெளியே வராது. காற்று ஏறிக்கொண்டே போய் இருதயத்தையும் மற்ற நுரையீரலையும் நெருக்கும். மூச்சுத் திணறல் நிமிடத்துக்கு நிமிடம் கூடும். உதடும் நகமும் நீலமாகும். நாடி வேகமாக ஓடும். வேர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். இது நிமிடக் கணக்கில் உயிரைக் குடிக்கும். டாக்டர் உடனே ஊசி குத்திக் காற்றை விட்டால் ஆள் பிழைப்பான். இந்த நிலையில் வீட்டு வைத்தியத்துக்கும் மந்திரிப்புக்கும் நேரமில்லை. 999-க்குப் போன் செய்யுங்கள். நமக்கு அலோர் காஜாவில் ஆஸ்பத்திரி உண்டு. அதைவிடப் பெரிய சிகிச்சைக்கு மலாக்கா ஆஸ்பத்திரி உண்டு. நோயாளியை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோக வேண்டாம். வழியில் மயங்கி விழுவான். படுக்கவும் வற்புறுத்தாதீர்கள், உட்கார்ந்தால் மூச்சுவிட எளிதென்றால் உட்காரட்டும்.

தோழர்களே, இந்த இடத்தில் சங்கத்துக்கு வேலை வருகிறது. வேலைக்காடு ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அம்புலன்ஸ் வந்தால் எந்தப் பாதையில் வர வேண்டும்? ராத்திரியில் தோட்டத்து வாகனச் சாவி யாரிடம் இருக்கிறது? ஒவ்வொரு கிளையும் இந்த மூன்று கேள்விக்கும் நிர்வாகத்திடம் விடை வாங்கி, ஆபீசிலும் லயத்திலும் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். இதற்கு வேலைநிறுத்தம் தேவையில்லை. ஒரு கடிதம் போதும். கிராணிமார்கள் மனம்வைத்தால் ஒரு நாளில் முடியும் காரியம். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களுக்கும் புரியும்படி அவர்கள் மொழியிலும் எழுதி வையுங்கள். மூச்சுக்குத் தேசம் கிடையாது.

அடுத்து உரிமைகள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தால் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனால் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரைக்கும் உண்டு. ஆனால் விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நோயாளி படுத்துக் கிடப்பான், அவனால் முடியாது. அவன் குடும்பத்தார் அல்லது பக்கத்து நிரைத் தோழர் போய்ச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு சிறு காரியம் தவறினால் வீண் வழக்கு வரும்.

மரக்கிளை விழுந்தோ, வேலைக்குப் போகும் வழியில் விழுந்தோ நெஞ்சில் அடிபட்டால், அது வேலை விபத்து. சொக்சோவில் பதிவு செய்ய வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலை விபத்துக் காப்பீட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அடிபட்ட அன்று “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு, நான்கு நாள் கழித்து மூச்சு வாங்கினால் நிரூபிப்பது சிரமம். அன்றைக்கே சொல்லுங்கள்; எழுத்தில் சொல்லுங்கள்.

குணமாகி வீடு திரும்பிய பின் என்ன செய்ய வேண்டும்? இரண்டு முதல் நான்கு வாரத்தில் டாக்டர் சொன்ன நாளில் போய் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். “நன்றாகத்தானே இருக்கிறேன், ஒரு நாள் வேலை எதற்குக் கெடவேண்டும்?” என்று தவறவிடக் கூடாது. உபாதையெல்லாம் நீங்கிய பின் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் நுரையீரல் முழுதும் விரிந்தது என்று டாக்டர் சொல்லும்வரை கடும் பாரமும் மல்லுக்கட்டும் விளையாட்டுகளும் வேண்டாம். அதுவரைக்கும் பால் வாளியைக் காண்டாவில் சுமக்காமல் இலேசான வேலை தரும்படி டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மண்டோரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதும் விரிந்தது என்று கண்ட பின்னும் ஒரு வாரம் கழித்துத்தான் ஆகாய விமானத்தில் ஏற வேண்டும். உயரத்தில் காற்று விரியும். நீர்மூழ்கிக் கருவி மாட்டிக் கடலுக்குள் இறங்குவதை அறவே விட்டுவிட வேண்டும். சிகரெட்டை அன்றோடு நிறுத்த வேண்டும். மறுபடி அதே வலி வந்தால், “போன தடவை தானாகப் போய்விட்டது” என்று இருந்துவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக, மண்டோர்களுக்கும் கிராணிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வியாதி வந்தவனைப் பார்த்தால் வியாதிக்காரன்போல் தோன்றாது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை, வீக்கம் இல்லை. வாட்டசாட்டமான வாலிபன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். “சோம்பேறி, சாக்குச் சொல்லுகிறான்” என்று நினைக்கத் தோன்றும். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஒரு பக்கத்து நெஞ்சில் திடீர்க் குத்தல், மூச்சிழுத்தால் வலி, மூச்சு வாங்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அன்றைய வெட்டை மறந்து அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சாக்குச் சொன்னவன் ஒருவன் தப்பிப் போனால் தோட்டத்துக்கு ஒரு நாள் பால் நஷ்டம். உண்மையைச் சொன்னவன் ஒருவனை நாம் நம்பாமல் விட்டால் ஒரு தாய்க்கு மகன் நஷ்டம். எந்த நஷ்டம் பெரியது என்று கணக்கெழுதுகிறவர்களே சொல்லுங்கள்.

வாலிபர்களே, நீங்களும் வெட்கப்படாதீர்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் ஆண்மை என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். நம் பாட்டன்மார் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், அவர்களுக்குப் போக இடமில்லை. இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஜை ஒருவர் வெளிநோயாளியாக 1 வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம். சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, சம்பளத்தோடு விடுப்பும் இருக்கிறது. இவற்றைப் போராடிப் பெற்றவர்கள், நாம் பயன்படுத்த வேண்டும் என்றுதான் பெற்றார்கள்.

இங்கே கேட்டதை இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள். கூட்டத்துக்கு வராத பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். 

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!